ஐந்து பக்கற் காளான்: பிரிட்ஜா, பிரீசரா, சுளகா, அச்சாறா?

மலிவாகக் கிடைத்ததென்று 200 கிராம் பக்கற் ஐந்து வாங்கியாயிற்று. அன்றிரவு ஒன்று கறியானது. மிச்சம் நான்கும் வாங்கின பொலித்தீனோடேயே பிரிட்ஜுக்குள் போயின. மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் பொலித்தீனின் உட்புறம் முத்து முத்தாய்த் தண்ணீர், அடியில் மஞ்சள் நீர், குடையைத் தொட்டால் விரலில் ஒட்டுகிற வழுவழுப்பு. ஏறாவூரில் வாங்கினாலும் அக்கரைப்பற்றில் வாங்கினாலும் இது இப்படித்தான் முடிகிறது. அதன் பிறகுதான் கேள்வி வருகிறது: காயவைத்திருக்கலாமோ? வதக்கி பிரீசரில் போட்டிருக்கலாமோ? அச்சாறு போட்டால் எத்தனை நாள் நிற்கும்?

எந்த முறையில் அதிக நாள் நிற்கும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி தவறான இடத்தில் தொடங்குகிறது. காயவைத்த காளான் ஆறு மாதம் நிற்கும், உண்மைதான். ஆனால் மார்கழி மழையில் அதைக் காயவைக்க முயன்றால் ஆறு நாளும் நிற்காது. நம்முடைய கிழக்கிலங்கைப் பக்கத்தில் முறையைத் தீர்மானிப்பவை மூன்று: காலண்டரில் எந்த மாதம், வீட்டுக் கறண்ட் எப்படி, அந்தக் காளானை என்ன கறியாக்கப் போகிறீர்கள்.

## முதலில் எதை வைத்து அளப்பது

நாள். இன்னும் எத்தனை நாளில் சமைத்து முடிப்பீர்கள்? நான்கு நாளுக்குள் என்றால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவையில்லை.

கறண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. இப்போது அப்படி இல்லை. ஆனாலும் மாரியில் மரம் விழுந்து லைன் அறுந்தால் ஒரு பகலோ ஓரிரவோ போகத்தான் செய்யும்.

மாதம். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டுக்கும் பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. மே தொடங்கி ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று, ஈரத்தை மலைக்கு அப்பால் கொட்டிவிட்டு வறண்டு சுட்டபடி வீசும். காயவைப்பதைப் பொறுத்தவரை இவை இரண்டும் இரண்டு வேறு நாடுகள்.

கறி. வெள்ளைக்கறிக்கும் சொதிக்கும் மெதுமையான காளான் வேண்டும். மிளகுப் பிரட்டலுக்குச் சவ்வுத்தன்மை இருந்தால் இன்னும் நல்லது.

தவறினால் என்ன ஆகும். ஒரு முறையில் தவறு நடந்தால் காளான் வீணாகும், அவ்வளவுதான். இன்னொன்றில் தவறு நடந்தால் ஆள் ஆஸ்பத்திரியில். எண்ணெயில் ஊறவைத்த காளான் இரண்டாவது வகை.

| முறை | எவ்வளவு காலம் | கறண்ட் | உகந்த காலம் | எங்கே தவறும் |
|---|---|---|---|---|
| பச்சையாக பிரிட்ஜில் | 3–5 நாள் | தொடர்ந்து வேண்டும் | எப்போதும் | பொலித்தீனில் வியர்த்து வழுவழுக்கும் |
| வதக்கி அல்லது அவித்து பிரீசரில் | 3–6 மாதம் | தொடர்ந்து வேண்டும் | எப்போதும், மாரியில் முக்கியமாக | நீண்ட மின்வெட்டு |
| வெயிலில் காயவைத்தல் | ஏறத்தாழ 6 மாதம் | வேண்டாம் | மே–ஓகஸ்ட் | பாதி காய்ந்து பூஞ்சணம் |
| வினாகிரி அச்சாறு | 3 வாரம், பிரிட்ஜில் | வேண்டும் | எப்போதும் | வினாகிரியைத் தண்ணீர் விட்டுப் பெருக்குதல் |

## வைக்கத் தகுதியான காளான்தானா?

கெடத் தொடங்கியதை எந்த முறையாலும் மீட்க முடியாது. எனவே பக்கற்றைப் பிரித்ததும் ஒரு பார்வை.

இங்கே பெரும்பாலும் விற்பது மரத்தூள் பையில் வளர்ந்த சிப்பிக் காளான். நல்லதென்றால் குடை விறைப்பாக இருக்கும், ஓரத்தை மடித்தால் பட்டென்று கிழியும், மணம் புது மாவுபோல லேசாக வரும். காம்பின் அடியிலோ குடையின் நடுக் குழியிலோ பஞ்சுபோல வெள்ளையாக ஏதேனும் படர்ந்திருந்தால் பலர் பூஞ்சணம் என்று எறிந்துவிடுகிறார்கள். எறிய வேண்டாம். அது காளானுடைய சொந்த நூல்தான். பறித்த பிறகும் அது வளரும், உண்ணலாம். பச்சை, கறுப்பு, ரோசா நிறப் புள்ளிகள் வேறு கதை, அவற்றை எறியுங்கள். மீன் கழுவின தண்ணீர் நாற்றமோ அமோனியாக் காரமோ வந்தால், அல்லது தொட்டால் வழுவழுத்தால், அதுவும் குப்பைக்குத்தான். கழுவினால் வழுவழுப்புப் போகும், பற்றீரியா போகாது.

காளானுக்கு மரக்கறிபோலத் தோல் கிடையாது. எடையில் ஏறத்தாழ 90 வீதம் தண்ணீர். பறித்த பிறகும் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும். மூச்சோடு ஈரமும் சூடும் வெளிவரும். இறுக்கிச் சுற்றின பொலித்தீனுக்குள் அந்த ஈரம் போக இடமில்லாமல் அதன் மேலேயே திரும்பி விழுகிறது. உங்கள் பக்கற்றில் கண்ட தண்ணீர் முத்துகள் காளானின் மூச்சுதான்.

## பச்சையாக பிரிட்ஜில்

வேலை குறைந்த வழி. ஐந்து நாளுக்குள் முடிப்பவர்களுக்கு இதைவிட வேறு தேவையில்லை.

பொலித்தீனைக் கழற்றுங்கள். கழுவ வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் காணாது: வைப்பதற்கு முன் கழுவின காளான் அடுத்த நாளே பழுக்கும். அடிக்காம்பில் ஒட்டின மரத்தூளை மட்டும் கத்தியால் சீவுங்கள். கொத்தைப் பிரிக்காதீர்கள், பிரித்த இடமெல்லாம் வெட்டுக்காயம்போல மண்ணிறமாகும். வாயகன்ற சாப்பாட்டுப் பெட்டியில் காய்ந்த பருத்தித் துணியை விரித்து, அதன்மேல் ஒரு அடுக்காக வைத்து, இன்னொரு துணியால் மூடி, மூடியைச் சற்றே திறந்தபடி வையுங்கள். மண்ணிறக் கடதாசிப் பை இருந்தால் அதில் போட்டு வாயை இரண்டு மடிப்பு மடித்தாலும் போதும். பத்திரிகைத் தாள் வேண்டாம், மை ஈரத்தில் இறங்கும்.

இடம் நடுத்தட்டு. கீழுள்ள மரக்கறிப் பெட்டி ஈரமான இடம், அங்கே கீரைக்கு நல்லது, காளானுக்குக் கெடுதல். பின்சுவரில் முட்டவும் கூடாது, அங்கே உறைந்து கண்ணாடிபோல ஆகிவிடும். துணியைத் தினமும் தொட்டுப் பார்த்து, நனைந்திருந்தால் மாற்றுங்கள்.

வெப்பநிலை 4 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே. வெப்பமானி இல்லையென்றால், உள்ளே வைத்த தண்ணீரைக் குடிக்கும்போது பல் கூச வேண்டும். வெறுமனே குளுகுளு என்று இருந்தால் உங்கள் காளானுக்கு மூன்று நாளே கெடு.

மறைந்திருக்கிற நட்டம் ஒன்று உண்டு, அதுவும் இந்தக் கரையில் கொஞ்சம் அதிகம்: மீன். காளான் வாசனையைப் பஞ்சுபோல இழுக்கும். திறந்த தட்டில் பாரைத் துண்டோ கருவாடோ இருக்கிற பிரிட்ஜில் இரண்டு நாள் வைத்த காளானை என்ன கறியாக்கினாலும் கடற்கரைதான் நினைவுக்கு வரும். பச்சை மீனின் நீர் சொட்டுவது பாதுகாப்புக்கும் கேடு. மீனை மூடியிட்ட பெட்டியில் கீழ்த்தட்டில் வையுங்கள், காளானை அதற்கு மேலே.

இறுக்கமாகச் சுற்றி அடைப்பதில் வழுவழுப்புக்கு அப்பால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காளான் மூச்சுவிட்டு உள்ளிருக்கும் ஒட்சிசனைத் தீர்த்துவிட்டால், காற்றில்லாத இடத்தை விரும்பும் குளொஸ்ரிடியம் பொற்றுலினம் என்ற கிருமி நஞ்சு செய்யத் தோதான இடம் உருவாகும். வெளியில் சூட்டில் கிடக்கும் பக்கற்றில் இது கூடுதல் கவலை. கடைப் பக்கற் சிலவற்றில் சிறு துளைகள் இருப்பது இதற்காகத்தான். துளையில்லாத பக்கற்றை வீட்டுக்கு வந்ததும் பிரித்துவிடுங்கள்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு ஒரே பதில்: காலையில் வாங்கினால் இரவுக்குள் சமையுங்கள். அதுவரை கடதாசிப் பையில், காற்றோட்டமான நிழலில். மண்பானைக்குள் ஈரத்துணி சுற்றி வைப்பது தேசிக்காய்க்குச் சரி, காளானுக்குச் சரிவராது.

## கழுவுவதா, துடைப்பதா?

துடைத்தால் போதும், கழுவினால் தண்ணீரை உறிஞ்சும் என்ற அறிவுரை எங்கும் இருக்கிறது. பாதி உண்மை. ஓடும் தண்ணீரில் அரை நிமிடம் அலசினால் உறிஞ்சுகிற அளவு மிகக் கொஞ்சம், அதைத் தாச்சிச் சூடு ஒரு நிமிடத்தில் ஆவியாக்கும். ஊறப்போட்டால்தான் பிரச்சினை.

உருண்டைக் குடையுள்ள மொட்டுக் காளானுக்குத் துடைப்பதே போதும், ஈரத்துணியால் குடையைச் சுற்றி ஒரு துடை. சிப்பிக் காளானைத் துடைத்துச் சுத்தமாக்க முடியாது. குடையின் கீழுள்ள அதன் செதில்களுக்கு இடையில் மரத்தூளும், சிலவேளை சிறு ஈயின் வெள்ளைப் புழுவும் இருக்கும். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து, செதில் கீழ்ப்பக்கமாக இரண்டு நிமிடம் மிதக்கவிடுங்கள். புழு இருந்தால் வெளிவரும். பிறகு ஓடும் தண்ணீரில் அலசி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து மெதுவாக அமுக்குங்கள், பிழிய வேண்டாம். மஞ்சள் போட்டால் நிறமும் மணமும் வரும், ஆனால் கிருமி போகும் என்று நம்பாதீர்கள். எப்படிக் கழுவினாலும் சமைப்பதற்குச் சற்று முன்தான்.

பச்சையாகச் சலாதில் போடுவதும் வேண்டாம். சிப்பிக் காளானில் சூட்டில் அழியக்கூடிய, வயிற்றுக்கு ஒத்துவராத புரதங்கள் உண்டு. மொட்டுக் காளானிலும் சமைத்தால் குறைகிற அகாரிற்றின் என்ற பொருள் இருக்கிறது. நன்றாக வெந்தாலே அதன் சத்தும் உடலில் சேரும்.

## வதக்கி பிரீசரில்: பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே

ஒரு கிலோ கையில் இருக்கிறது, ஒரு வாரத்தில் முடியாது, வெளியில் மழை. அப்போது வேறு யோசனை வேண்டாம்.

பச்சையாக உறையவைக்கக் கூடாது. உள்ளிருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாய் உறைந்து கலங்களைக் கிழித்துவிடும். எடுத்து உருகவிட்டால் மண்ணிற நீரில் மிதக்கிற சளிபோன்ற ஒன்றுதான் கிடைக்கும். முதலில் சூடு காட்டி, நிறம் மாற்றும் நொதியங்களை அடக்கிவிட வேண்டும். அதற்கு இரண்டு வழி.

வதக்குவது. அலசி நீர் வடித்த காளானை இரண்டு விரல் அகலக் கீற்றுகளாகக் கிழியுங்கள். சிப்பிக் காளானுக்குக் கத்தி வேண்டாம், இழையோடு கையால் கிழிந்துவரும். கட்டைபோன்ற அடிக்காம்பைத் தனியே ஒதுக்குங்கள். தாச்சி நன்றாகக் காய்ந்ததும் ஒரு தேக்கரண்டி எண்ணெய், 250 கிராம் காளான். அதற்கு மேல் ஒரே தடவையில் போட்டால் வதங்காமல் தன் தண்ணீரிலேயே அவிந்துவிடும். முதல் இரண்டு நிமிடத்தில் தண்ணீர் விடும், தாச்சியில் குமிழியிடும், பிறகு சத்தம் மாறும். சளசளப்பு நின்று பொரிகிற சத்தம் வந்ததும் இறக்குங்கள். ஐந்திலிருந்து ஏழு நிமிடம். உப்புப் போடாமல் விட்டால் பின்னால் எந்தக் கறிக்கும் எடுக்கலாம்.

ஆவியில் அவிப்பது. வெள்ளைக்கறிக்காக நிறம் வெளுப்பாக வேண்டுமென்றால் இது. அரை லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப் புளி விட்டு ஐந்து நிமிடம் போட்டெடுத்து, இடியப்பத் தட்டில் பரப்பி, தண்ணீர் கொதித்து ஆவி எழும்பின பிறகு வையுங்கள். கிழித்த துண்டுக்கு மூன்று நிமிடம், நாலாக வெட்டின மொட்டுக் காளானுக்கு மூன்றரை, முழுசுக்கு ஐந்து. எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் ஆற்றி, துணியில் உலர்த்துங்கள்.

இரண்டில் வதக்குவதே எங்கள் தெரிவு. பிரீசரில் பாதி இடம் மிச்சம், ருசி கூட, நீர் விடுவதும் குறைவு. ஒரு கிலோ வதங்கினால் ஏறத்தாழ அரைக் கிலோவாகச் சுருங்கும்.

ஆற்றுவதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். சூட்டோடு பெட்டியில் போட்டு மூடினால் நீராவி ஐஸாகிக் காளான்மேல் படியும். மேசையில் மறந்துபோய்ப் பின்னேரம் வரை விட்டால் கெடும். அகன்ற தட்டில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வையுங்கள், அரை மணிநேரத்தில் ஆறும். நம்முடைய கோடைச் சூட்டில் ஒரு மணிநேரத்துக்கு மேல் வெளியில் வைக்கவேண்டாம்.

பிறகு ஒரு சமையலுக்குரிய அளவைப் பிரித்து, நான்கு பேருக்கு வதக்கினது 200 கிராம் என்று, சிப் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, புத்தகம்போலத் தட்டையாக்கி அடுக்குங்கள். தட்டையான பை சீக்கிரம் உறையும், வேண்டிய அளவை உடைத்தும் எடுக்கலாம். திகதியை எழுதுங்கள். சமைக்கும்போது உருகவிட வேண்டியதில்லை, உறைந்தபடியே தாச்சியில் போடலாம்.

−18 பாகையில் ஆறு மாதம் வரை ருசி கெடாது. ஒற்றைக் கதவு பிரிட்ஜின் உள்ளே சின்னப் பெட்டியாக இருக்கும் பிரீசர் பெரும்பாலும் அந்தக் குளிருக்குப் போகாது. அதில் ஒரு மாதக் கணக்கோடு நிறுத்துங்கள்.

இதன் மறைமுகச் செலவு மின்வெட்டு. கதவைத் திறக்காமல் விட்டால் நிறைந்த பிரீசர் ஏறத்தாழ 48 மணிநேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணிநேரம், பிரிட்ஜ்ப் பகுதி நாலு மணிநேரம். எனவே காலியிடத்தில் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பி உறையவைப்பது வீண்வேலை இல்லை. வீட்டில் ஆளில்லாதபோது கறண்ட் போய் வந்ததா என்று அறிய ஒரு வழி: ஒரு கோப்பைத் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பிவந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் சரி. நடுவில் புதைந்திருந்தால் பாதி உருகியிருக்கிறது. அடியில் கிடந்தால் முழுக்க உருகித் திரும்ப உறைந்திருக்கிறது, உள்ளே இருந்த காளானை எறியுங்கள். மின்வெட்டு முடியும்போது பையில் ஐஸ் துகள் இன்னும் இருந்தால் திரும்ப உறையவிடலாம், மெதுமை சற்றுக் குறையும், அவ்வளவே.

## வெயிலில் காயவைத்தல்: கச்சானுக்கு மட்டும்

கருவாடு போடத் தெரிந்த ஊருக்குக் காயவைப்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் கருவாட்டில் உப்பு இருக்கிறது, அது காயும்வரை காவல் காக்கும். காளானில் உப்பில்லை. வெயில் மட்டுமே காவல். வெயில் தவறினால் பூஞ்சணம்.

கச்சான் வீசுகிற மாதத்தில், மேகமில்லாத இரண்டு நாள் தொடர்ந்து கிடைக்குமென்று தெரிந்தால் தொடங்குங்கள். சிப்பிக் காளானை ஒரு சென்ரிமீற்றர் கீற்றாகக் கிழியுங்கள். மொட்டுக் காளானை நாலைந்து மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டுங்கள். தடித்த துண்டு வெளியே காய்ந்து உள்ளே ஈரத்தைப் பூட்டிக்கொள்ளும். சுளகிலோ வலைத்தட்டிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, ஸ்டூல்மேல் தூக்கி வையுங்கள். கீழிருந்தும் காற்று வர வேண்டும், கடற்கரைப் பக்க வீடுகளில் மணலும் பறக்கும். மேலே வெள்ளை வலைத்துணி, ஈ உட்காராமல். கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், வாசனைக் கதையை மேலே சொல்லியாயிற்று.

காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் நாலு மணி வரை. இரண்டு மணிநேரத்துக்கு ஒருதடவை புரட்டுங்கள். வெயில் சாயும் முன் வீட்டுக்குள். வாவியைச் சுற்றின ஊர்களில் இரவுக் காற்றின் ஈரம் பகல் முழுக்கக் காய்ந்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். முதல்நாள் பின்னேரம் கீற்றுகள் தோல்போல வளைகிற அளவுக்காவது காய்ந்திருக்க வேண்டும். இன்னும் ஈரமாகச் சதசதவென்றிருந்தால் மறுநாள் வெயிலை நம்பிக் காத்திராமல் அன்றிரவே வதக்கிச் சாப்பிடுங்கள். மின்சார ஒவன் (oven) இருந்தால் 50–60 பாகையில், கதவில் ஒரு மரக்கரண்டியை இடுக்கி, காயும்வரை முடிக்கலாம்.

காய்ந்ததா என்பதற்குக் கண் போதாது, காது வேண்டும். வளைத்தால் பொரித்த அப்பளம்போலச் சத்தத்தோடு முறிய வேண்டும். வளைந்து நிமிர்ந்தால் இன்னும் ஈரம் உண்டு. ஒரு கிலோவிலிருந்து ஏறத்தாழ 100 கிராம் கிடைக்கும். 200, 250 கிராம் வருகிறதென்றால் சந்தோஷப்படாதீர்கள், மிச்சமெல்லாம் தண்ணீர்.

உடனே போத்தலில் அடைத்து மறந்துவிடவும் கூடாது. முழுக்க ஆறின பிறகு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் போட்டு, ஒரு வாரம் தினமும் ஒருதடவை குலுக்குங்கள். கண்ணாடியின் உட்புறம் மங்கலாய் வியர்த்தால் திரும்ப வெயிலுக்கு. ஒரு துண்டில் பூஞ்சணம் கண்டாலும் போத்தல் முழுவதையும் எறியுங்கள். பெரிய போத்தல் ஒன்றைவிடச் சின்னப் போத்தல் ஐந்து நல்லது, மாரியில் திறக்கும்போதெல்லாம் ஈரம் நுழைவது ஒன்றோடு நிற்கும்.

சமைக்கும்போது சூடான தண்ணீரில் இருபதிலிருந்து முப்பது நிமிடம் ஊறவையுங்கள். இரவுமுழுக்க ஊறவைப்பதானால் பிரிட்ஜில். ஊறின தண்ணீரைத் தெளியவிட்டு, அடி மண்ணை விட்டுவிட்டு, சொதிக்கு ஊற்றலாம், ருசி பெரும்பகுதி அதில்தான். வெயில் கிருமியைக் கொல்வதில்லை, தூங்கவைக்கிறது. ஆகவே ஊறினதும் நன்றாக வேகவைக்க வேண்டும். காய்ந்த சிப்பிக் காளான் சவ்வுபோல இருக்கும்: மிளகுப் பிரட்டலுக்கு அருமை, வெள்ளைக்கறிக்கு வராது. ஒதுக்கின அடிக்காம்புகளையும் காயவைத்து அரைத்தால் சூப்புக்குத் தூள்.

இந்த முறைக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. காளானிலுள்ள எர்கொஸ்ரரோல் என்ற பொருள் வெயிலின் புறஊதாக் கதிர் பட்டு விற்றமின் டீ2 ஆக மாறும். மச்சம் தொடாத வீடுகளுக்கு இது சின்ன விசயமில்லை.

ஒரு முரண்: காளானுக்குக் கேள்வி கூடுகிற கந்தசஷ்டி மழைகாலத்தில்தான் வருகிறது. ஆறு நாளும் மச்சமில்லை, காளான் வாங்கிக் குவிகிறது, வெயிலோ இல்லை. (விரதத்துக்குக் காளானும் ஆகாது என்கிற வீடுகள் இதிலிருந்து தப்பிக்கின்றன.) அப்போது சுளகைத் தொடாதீர்கள், தாச்சியை எடுங்கள்.

## வினாகிரி அச்சாறு

ருசிக்காகப் போடலாம். சேமிப்பு முறையென்று எண்ணிப் போட்டால் ஏமாற்றம்.

அரைக் கிலோ காளானை உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து நன்றாக வடியுங்கள். ஒன்றரைக் கோப்பை வினாகிரி, ஒரு மேசைக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி அரைத்த கடுகு, கீறின பச்சைமிளகாய், நசுக்கின உள்ளி எல்லாம் கொதித்ததும், கொதிநீரில் அவித்தெடுத்த போத்தலில் காளானைப் போட்டு, மூடும்படி ஊற்றுங்கள். லேபலில் அசற்றிக் அமிலம் 5 வீதம் என்றிருக்கிற வினாகிரி நல்லது. புளிப்பு அதிகமென்று தண்ணீர் விடாதீர்கள், சீனியைக் கூட்டுங்கள். அமிலம்தான் இங்கே காவல். ஆறினதும் பிரிட்ஜில், மூன்று வாரத்துக்குள் தீர்க்க வேண்டும்.

வினாகிரிக்குப் பதிலாக நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஊற்றி, உள்ளியும் சேர்த்து, மேசையில் வைக்கிற வகையைச் சில வீடியோக்களில் காட்டுகிறார்கள். செய்யாதீர்கள். எண்ணெய் காற்றை மறைக்கிறது. காளானிலும் உள்ளியிலும் மண்ணிலிருந்து வந்த பொற்றுலினம் வித்துகள் இருக்கலாம், சாதாரணக் கொதிச் சூட்டில் அவை சாவதில்லை. காற்றில்லை, அமிலமில்லை, சூடான குசினி: அது விரும்புவது முழுக்க அங்கே கிடைக்கும். அந்த நஞ்சுக்கு மணமோ நிறமோ இராது. கண் இமை தளர்வது, பார்வை இரட்டையாவது, விழுங்க முடியாமல் போவது என்று தொடங்கி மூச்சுத் தசைகளை முடக்கும்.

## சமைத்து மிஞ்சின கறி

காளான் கறியைத் திரும்பச் சூடாக்கினால் நஞ்சாகும் என்பது பழைய நம்பிக்கை, பிரிட்ஜ் இல்லாத காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்று ஒரு மணிநேரத்துக்குள் சிறு பெட்டியில் பிரிட்ஜுக்குள் வைத்த கறியை இரண்டு நாளுக்குள், நடுவிலும் ஆவி பறக்கக் கொதிக்கவைத்து ஒருமுறை சாப்பிடலாம். தேங்காய்ப்பால் விட்டது முந்திக் கெடும், அதை மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

## காட்டுக் காளானுக்கு எந்த முறையும் இல்லை

முதல் மழை விழுந்ததும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் புற்றடியிலும் வயல்வரம்பிலும் காளான் கிளம்பும். தலைமுறையாகப் பறித்துத் தின்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்த இடமும் அந்தக் காளானும் தெரியும். பார்த்துப் பழகாதவருக்குத் தெரியாது, படத்தைப் பார்த்து அறியவும் முடியாது.

மேலே சொன்ன நாலு முறையில் எதுவும் நஞ்சுக் காளானை நல்ல காளானாக்காது. அமானிற்றா என்ற நஞ்சுக் காளான் இனங்களின் நஞ்சு கொதித்தாலும் காய்ந்தாலும் உறைந்தாலும் அப்படியே இருக்கும். உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது, வெள்ளி நாணயம் கறுக்கிறதா என்று பார்ப்பது, உள்ளி நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது, பூச்சி தின்றிருந்தால் நாமும் தின்னலாம் என்பது, இவை ஒன்றுமே உண்மையில்லை. மழைக்குப் பிறகு பள்ளிக்கூட மைதானப் புல்லில் பெரிய வெள்ளைக் குடையாக முளைக்கிற ஒரு காளான் பார்வைக்குக் கடைக் காளானைப்போல அழகாக இருக்கும். இளசில் அதன் செதிலும் வெள்ளைதான். முற்றினதும் சாம்பல் பச்சையாக மாறும், வெள்ளைத் தாளில் இரவு கவிழ்த்து வைத்தால் பச்சைப் பொடி விழும். உண்டால் ஒன்றிலிருந்து மூன்று மணிநேரத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும்.

சீக்கிரம் வாந்தி எடுப்பதைவிட, ஆறு மணிநேரம் கழித்துத் தொடங்குவதுதான் அதிகம் பயப்பட வேண்டியது. அது ஈரலைத் தாக்கும் வகையாக இருக்கலாம். ஒரு நாள் வாந்தியும் வயிற்றோட்டமும் இருந்து, பிறகு சுகமானதுபோலத் தோன்றும். அந்த இடைவெளியில் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். சுகமாகிவிட்டதென்று வீட்டில் இருக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள பெரிய வைத்தியசாலைக்கோ போங்கள். அதே சட்டியில் சாப்பிட்ட எல்லாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், இன்னும் எந்த அறிகுறியும் இல்லாதவரையும். சமைக்காத மிச்சக் காளான் இருந்தால், காம்பின் அடிக்கிழங்கோடு சேர்த்து, கடதாசிப் பையில் எடுத்துச் செல்லுங்கள். பொலித்தீனில் போட்டால் வைத்தியர் பார்க்கும்போது அதுவும் கூழாகியிருக்கும்.